கித்தார் கழுத்து: 14 டிகிரி தலை ஒட்டும்போது நகர்ந்துவிட்டது. பிரிப்பதா, காப்பாற்றுவதா?

#1 லயத்துக்கித்தார் (சுங்கை சிப்புட், மலேசியா)

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. எலக்ட்ரிக் கித்தாருக்குக் கழுத்து ஒன்னு செஞ்சுக்கிட்டிருக்கேன். ஸ்கேல், அதாவது கம்பி அதிருற நீளம், 648 மி.மீ. மரம் நியாத்தோ. இழைச்ச பிறகு 20 மி.மீ. கனம், 75 அகலம், 800 நீளம். தலைப் பக்கம் சாய்வா அறுத்து, அறுத்த துண்டைப் புரட்டி, தண்டோட சரிவு மேல வச்சு ஒட்டினேன். சாய்வு 14 டிகிரி. தலைத் துண்டை ஒட்டுறதுக்கு முன்னாலேயே 15.5 மி.மீ. கனத்துக்கு இழைச்சுட்டேன்.

கிளாம்ப் கழட்டிப் பார்த்தா ரெண்டு கோளாறு. ஒன்னு, தலை வெளிப்பக்கமா 2 மி.மீ. சறுக்கியிருக்கு. விரல்பலகை உட்கார வேண்டிய முகத்துல படி மாதிரி ஒரு இறக்கம் தெரியுது. ரெண்டாவது, தண்டும் தலையும் மடியுற கோடு, அதாவது நட்டு (கம்பிங்க தலைக்குப் போறதுக்கு முன்னால உட்கார்ற சின்னக் கட்டை) வர்ற கோடு, மூலைமட்டம் வச்சா 75 மி.மீ. அகலத்துல 2 மி.மீ. சாயுது. வலது பக்கம் தலையை நோக்கிப் போயிருக்கு.

பசை மஞ்சள் பி.வி.ஏ. கிளாம்ப் ரெண்டு. ஒரு நாள் முழுசா ஆச்சு. இஸ்திரிப் பெட்டி வச்சு சூடாக்கிப் பிரிச்சு மறுபடி ஒட்டலாமா? திரும்ப ஒட்டும்போது ஸ்குரூ ரெண்டு போட்டா நகராம இருக்குமா?

#2 உளிச்சத்தம்

தம்பி, பிரிக்காதீர்கள். நீங்கள் சொன்ன இரண்டும் இழைத்துச் சரிசெய்யக்கூடியவை. பிரிக்க வேண்டுமா என்பதை ஒட்டுக்கோடுதான் சொல்ல வேண்டும், நட்டுக்கோடு அல்ல.

முதலில் கணக்கைப் பாருங்கள். 14 டிகிரி என்பது நாலுக்கு ஒன்று வாட்டம். 80 மி.மீ. ஓடினால் 20 இறங்கும். இந்த வாட்டத்தில் எல்லாப் பிழையும் நாலு மடங்காகப் பெருகித்தான் கண்ணுக்குத் தெரியும். சரிவை இழைக்கும்போது பலகையின் குறுக்கே வலது பக்கம் அரை மி.மீ. உயரமாக விட்டிருந்தால், நட்டுக்கோடு அந்தப் பக்கம் 2 மி.மீ. தள்ளிப் போகும். உங்களுக்கு நடந்தது அதுதான். அரை மி.மீ. என்பது இழைப்புளி நாலைந்து தடவை போனால் தீர்ந்துவிடும் அளவு.

சறுக்கலும் அப்படியே, ஆனால் திருப்பிப் போட்ட கணக்கு. சரிவில் 2 மி.மீ. இறங்கினால் உயரத்தில் அரை மி.மீ.தான் குறையும். தண்டின் மேல்முகம் முழுவதையும் அரை மி.மீ. இழைத்தால் படி மறைந்துவிடும். உங்கள் தண்டு 20 மி.மீ. இருக்கிறது, 19.5 தாராளம். டிரஸ் ராட் (கழுத்து வளையாமல் இருக்க உள்ளே வைக்கும் இரும்புக் கம்பி) பள்ளம் இன்னும் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். எடுத்திருந்தால் சொல்லுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒட்டின் இரண்டு பக்கமும் வழிந்த பசையைச் சுரண்டிவிட்டு, 0.05 மி.மீ. ஃபீலர் தகட்டை ஒட்டுக்கோட்டில் நுழைத்துப் பாருங்கள். எங்கெங்கே நுழைகிறது, எத்தனை மி.மீ. ஆழம் போகிறது என்று குறித்துச் சொல்லுங்கள்.

#3 மெட்டும்சுருதியும்

உளிச்சத்தம் அண்ணன் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். படிப்பவர்கள் குழம்பாமல் இருக்க, இந்த ஒட்டில் இரண்டு வகை இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரே மாதிரிதான் அறுக்கிறோம், ஒட்டும் இடம் வேறு.

முதல் வகை தம்பி செய்தது. தலைத் துண்டின் தட்டை முகம் தண்டின் சரிவில் உட்காரும். தலைத் துண்டின் அறுத்த முகம் மேலே பார்த்தபடி, தண்டின் மேல்முகத்தோடு ஒரே மட்டத்தில் சேர்ந்து, விரல்பலகைக்கு அடியில் போய்விடும். தலை 15 மி.மீ. கனம் என்றால் அந்த முகத்தின் நீளம் 62 மி.மீ. 648 ஸ்கேலில் முதல் பிரெட் (விரல்பலகையில் குறுக்காகப் பதிக்கும் கம்பி) நட்டிலிருந்து 36.4 மி.மீ., இரண்டாவது 70.7. ஆக, ஒட்டு மேலே தெரியும் கோடு இந்த இரண்டு பிரெட்டுக்கும் நடுவே விழும். அதன்மேல் 6 மி.மீ. விரல்பலகை ஒட்டப்படுவதால் மூடியும் ஆகிறது, பலமும் சேர்கிறது.

இரண்டாம் வகையில் தண்டின் சரிவே தலையின் முன்முகமாக ஆகிவிடும். தலைத் துண்டின் அறுத்த முகத்தைத் தண்டின் அடிமுகத்தில் ஒட்ட வேண்டும். 20 மி.மீ. தண்டில் ஒட்டுக்கோடு தலையின் முன்முகத்தில், நட்டிலிருந்து 82 மி.மீ. தள்ளி, குறுக்காகத் தெரியும். அதை மறைக்க 2 மி.மீ. அளவில் ஒரு மேல்தகடு ஒட்டுவார்கள். இந்த வகையின் நன்மை, நட்டுக்குப் பின்னால் தண்டின் மரம் முழுக் கனத்தோடு நிற்கிறது, முதுகில் ஒரு புடைப்பு விட வேண்டுமானால் மரம் இருக்கிறது.

எது பலம் என்று கேட்டால், ஒட்டு சரியாக உட்கார்ந்திருந்தால் இரண்டுமே போதும். நான் முதல் வகைதான் விரும்புவேன். முன்முகத்தில் கோடு இல்லை, மேல்தகடு தேவையில்லை. ஆனால் அதில் ஒரு கண்டிப்பு உண்டு: தலையின் கனத்தை ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு முன்முகத்தில் 1 மி.மீ. இழைத்தால் நட்டுக்கோடு 4 மி.மீ. உடலை நோக்கி நகரும். விரல்பலகை ஒட்டிய பிறகு இது நடந்தால் நட்டுக்கு முன்னால் ஒரு பள்ளம்தான் மிஞ்சும்.

#4 தைப்பிங்மழை

ஒட்டாமல் ஒரே கட்டையில் செய்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள், அதற்கும் சேர்த்து. 180 மி.மீ. நீளத் தலை 14 டிகிரியில் இறங்கினால் நுனி 44 மி.மீ. கீழே போகும். தலையின் கனத்தையும் கூட்டினால் 58. ஆக 60 மி.மீ. கனமான கட்டை வேண்டும். அதில் பெரும்பகுதி தூளாகப் போகும். மரம் வீணாவதைவிடப் பெரிய குறை, மரத்தின் நார் தண்டுக்கு இணையாக ஓடி, தலையில் 14 டிகிரி குறுக்காக வெட்டுப்படும். நட்டுக்குப் பின்னால் நார் குட்டையாக இருக்கும் அந்த இடம்தான், கித்தார் ஒருமுறை சாய்ந்து விழுந்தால் பிளப்பது. கிப்சன் கம்பெனி பாணியில் 17 டிகிரி சாய்வோடு ஒரே கட்டையில் செய்த கழுத்துகளில் இந்த உடைப்பைக் கித்தார் பழுதுபார்க்கும் எல்லாரும் அறிவார்கள். ஃபெண்டர் கம்பெனி தலையைச் சாய்க்காமலே விட்டு, மெல்லிய இரண்டு கம்பிகளை நட்டில் அழுத்தச் சிறு கொக்கி வைத்தது. ஒட்டுத் தலையில் நார் தலையின் நீளத்துக்கே ஓடுகிறது, அதனால் அந்தக் குறை இல்லை.

நம் வீணையிலும் இந்தப் பிரிவு உண்டே. ஒரே மரத்தில் குடைந்தது ஏகாண்ட வீணை, குடமும் தண்டியும் யாளியும் தனித்தனியாகச் செய்து சேர்த்தது ஒட்டு வீணை.

#5 லயத்துக்கித்தார்

உளிச்சத்தம் அண்ணே, ஃபீலர் தகடு வச்சுப் பார்த்தேன். இடது பக்கம் எங்கேயும் நுழையல. வலது பக்கம் ரெண்டாவது பிரெட் வர்ற இடத்துக்குப் பக்கத்துல 25 மி.மீ. நீளத்துக்கு நுழையுது, உள்ள 7 மி.மீ. போகுது, அதுக்கு மேல போகல. டிரஸ் ராட் பள்ளம் இன்னும் எடுக்கல.

#6 உளிச்சத்தம்

அப்படியானால் கவலையில்லை. உங்கள் பலகை 75 மி.மீ. அகலம். கழுத்து நட்டில் 43 என்றால் இரண்டு பக்கமும் 16 மி.மீ. வெட்டிப் போகும். இரண்டாம் பிரெட் அருகே கழுத்து ஒரு மி.மீ. அகலம் கூடினாலும் அந்த 7 மி.மீ. இடைவெளி முழுக்கக் கழிவிலேயே போய்விடும். அறுத்த பிறகு புதிய ஓரத்தில் மறுபடி தகடு வைத்துப் பாருங்கள். அங்கும் நுழைந்தால் மட்டும் பிரிப்பதைப் பற்றிப் பேசலாம்.

சரிசெய்யும் வரிசை இது. முதலில் தண்டின் மேல்முகம். அதை இழைத்து, தலையின் அறுத்த முகத்தோடு ஒரே மட்டமாக்குங்கள். இரும்பு அடிக்கோலை நீளவாக்கில் வைத்து வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். கடைசி 62 மி.மீ.யில் இழைப்புளியின் முன்பகுதியை மட்டும் அழுத்தினால் நுனி உருண்டுவிடும். நட்டு இருக்கும் இடத்தில் மேல்முகம் உருண்டிருந்தால் விரல்பலகையின் முனை ஒட்டாமல் நிற்கும்.

அது முடிந்த பிறகுதான் தலையின் முன்முகம். ஒரு நேர்க்கோலைத் தண்டின் மேல் குறுக்காகவும், இன்னொன்றைத் தலையின் மேல் குறுக்காகவும் வைத்து, முனையிலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். இரண்டு கோல்களும் இணையாகத் தெரிய வேண்டும். வலது பக்கம் உயர்ந்து தெரியும். அந்தப் பக்கம் 0.5, நடுவில் 0.25, இடது ஓரத்தில் ஒன்றுமில்லை என்கிற கணக்கில் இழையுங்கள். பென்சிலால் முகம் முழுக்கக் கிறுக்கிவிட்டு இழைத்தால் எங்கே எடுத்திருக்கிறோம் என்று தெரியும். நட்டுக்கோட்டின் வலது முனை மெல்ல மெல்ல உடலை நோக்கிப் பின்வாங்கி, மூலைமட்டத்தோடு சேரும். சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். பிறகு முதுகு முகத்தை முன்முகத்துக்கு இணையாக்கி 14.5க்குக் கொண்டுவாருங்கள். முறுக்காணிக்கு 14 முதல் 15 போதும்.

விரல்பலகை இன்னும் ஒட்டாததால் ஸ்கேலில் ஒன்றும் குறையவில்லை. கோடு கடைசியில் எங்கே வந்து நிற்கிறதோ அங்கிருந்து 648 அளந்துகொள்ளுங்கள்.

#7 மெட்டும்சுருதியும்

அடுத்த கழுத்துக்கு இழைக்கும் முறையை மாற்றுங்கள் தம்பி. தனித்தனியாக இழைத்ததுதான் மூலக்காரணம். 82 மி.மீ. நீளச் சரிவில் இழைப்புளிக்கு நிலையான பிடிப்பு கிடைக்காது, முன்னும் பின்னும் ஆடும்.

இரண்டு துண்டையும் அடுக்கி ஒன்றாக இழைக்க வேண்டும். தண்டு மேலே, புரட்டிய தலைத் துண்டு கீழே. கீழே உள்ளதை 80 மி.மீ. வெளியே தள்ளி வைத்தால் இரண்டு சரிவும் சேர்ந்து 165 மி.மீ. நீளத்தில் ஒரே சரிவாக அமையும். மேல் துண்டின் மெல்லிய முனை கீழ்த் துண்டின் மேல் உட்கார்ந்திருப்பதால் உடையாது. கீழ்த் துண்டின் முனைக்கு அடியில் ஒரு கழிவுப் பலகை கொடுங்கள், அதையும் சேர்த்து இழையுங்கள். இழைப்பது எப்போதும் கனமான பக்கத்திலிருந்து மெல்லிய முனையை நோக்கி, பென்சில் சீவுவதுபோல. எதிர்ப்பக்கம் போனால் நார் கிளம்பி முனை பிய்ந்துவிடும்.

சரிவு கோணத்துக்குப் பாகைமானி வேண்டாம். பக்கவாட்டில் 80 ஓட்டம், 20 இறக்கம் குறித்துக் கோடு போட்டால் அதுவே 14 டிகிரி. இரண்டு பக்கத்திலும் கோடு போட்டு, மேல்முகத்திலும் அடிமுகத்திலும் மூலைமட்டத்தால் இணையுங்கள். ரம்பம் கோட்டுக்கு வெளியே 1 மி.மீ. விட்டுப் போகட்டும், மிச்சம் இழைப்புளிக்கு.

சோதிக்க 6 மி.மீ. கண்ணாடித் துண்டு ஒன்று போதும். அதில் 120 நம்பர் மணல்தாளை ஒட்டி, பென்சிலால் கிறுக்கிய முகத்தை அதன்மேல் நாலு முறை தேய்த்தால், கிறுக்கல் எங்கே மிஞ்சுகிறதோ அது பள்ளம். கிறுக்கல் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் மறையும் வரை விடாதீர்கள். பி.வி.ஏ. பசை இடைவெளியை நிரப்பாது. மரமும் மரமும் முழுக்கத் தொட்டால்தான் அது பசை.

#8 தைப்பிங்மழை

சறுக்கலுக்கு வருகிறேன். ஒட்டின் பரப்பு 82 × 75, ஏறக்குறைய 62 சதுர செ.மீ. நியாத்தோ மாதிரி நடுத்தர மரத்துக்கு மஞ்சள் பசைக்காரர்கள் சொல்லும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 125 முதல் 175 பவுண்டு. கணக்குப் போட்டால் மொத்தம் அரை டன்னுக்கு மேல். இரண்டு சின்ன கிளாம்பில் அது வராது, குறைந்தது நாலு வேண்டும். அழுத்தம் எவ்வளவோ அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு சரிவின் வழியே தலையை வெளியே தள்ளும். ஈரப் பசை எண்ணெய்போல் வழுக்கும். அதனால் பிடித்து நிறுத்த ஏற்பாடு இல்லாமல் இறுக்கினால் தலை கட்டாயம் போகும்.

முதல் வகைக்கு எளிய ஏற்பாடு: வளையாத கனமான பலகையின் மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, கழுத்தைக் கவிழ்த்து வையுங்கள். தண்டின் மேல்முகமும் தலையின் அறுத்த முகமும் பலகையைத் தொட்டுக் கீழே. இரண்டும் ஒரே பலகையில் உட்காருவதால் மட்டம் தானாக அமையும். தண்டின் முதுகு பலகைக்கு இணையாக மேலே பார்ப்பதால் கிளாம்புக்கு ஆப்புக் கட்டையும் தேவையில்லை. தண்டின் உடல் முனையில் ஒரு தடுப்புக் கட்டை, தலையின் முனையில் ஒன்று, இரண்டையும் பலகையில் ஸ்குரூ போட்டு இறுக்குங்கள்.

அதோடு சாத்தே குச்சி. பாசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) கிடைக்கும் மூங்கில் குச்சியில் 3 மி.மீ. கனமானதைத் தேர்ந்தெடுங்கள். பசை போடாமல் சரியான இடத்தில் இறுக்கி வைத்து, கழுத்துக்கு வெளியே கழிவாகப் போகும் ஓரத்தில், இடம் ஒன்று வலம் ஒன்றாக, இரண்டு துண்டையும் துளைத்துப் போகிற மாதிரி 3 மி.மீ. ஓட்டை போடுங்கள். பிரித்து, பசை தடவி, குச்சியைச் செருகி மறுபடி இறுக்கினால் எந்தப் பக்கமும் அசையாது.

பசை இரண்டு முகத்துக்கும் சேர்த்து அரைத் தேக்கரண்டி. பல்தூரிகையால் பரப்புங்கள். திறந்து வைக்கும் நேரம் ஐந்து நிமிடம்தான், மின்விசிறிக் காற்றடியில் அதுவும் இல்லை. அதனால் ஒருமுறை பசையில்லாமல் முழுக்க இறுக்கிப் பழகிவிட்டு, கிளாம்புகளைத் திறந்த அளவிலேயே பக்கத்தில் வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள்.

#9 பால்மரம்

சாத்தே குச்சி நல்ல யோசனை. சிலர் பசையில் நாலு உப்புக் கல் தூவுவார்கள், அதுவும் வழுக்கலைப் பிடிக்கும்.

#10 தைப்பிங்மழை

பிடிக்கும் அண்ணே, ஆனால் நாலு கல் எங்கே விழுகிறது என்பது நம் கையில் இல்லை. கிளாம்ப் குறைவாக இருக்கிறவர் தூவினால், கல் நசுங்காமல் இரண்டு முகத்தையும் பிரித்து வைக்கும். பசைக்கோடு தடித்துவிடும். குச்சி இருக்கும்போது உப்பு எதற்கு?

#11 பால்மரம்

அது சரிதான், மறுக்கலை. மர விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இங்கே பலபேர் மறுநடவுக்கு வெட்டுன ரப்பர் மரத்தைக் கேட்டு வாங்கிட்டு வந்துடுறாங்க.

ரப்பர் மரம் கழுத்துக்கு ஆகுமான்னா, ஆகும். கன மீட்டருக்கு 600 கிலோ சுமார், நார் ஓரளவு நேர், பசை நல்லாப் பிடிக்கும். ஆனா அந்த மரத்துல மாவுச்சத்து நிறைய. வெட்டி ஓரிரு நாள்லயே நீலக்கறை பூஞ்சை ஏற ஆரம்பிச்சுடும், காய்ஞ்ச பிறகு வண்டு துளைச்சு மாவா கொட்டும். அதுக்குத்தான் மில்லுல அறுத்த உடனே போரான் கரைசலை அழுத்தம் கொடுத்து ஏத்தி, சூளையில காயவைக்கிறாங்க. வீட்டு வாசல்ல அறுத்து நிழல்ல அடுக்கி வைக்கிறது அதுக்கு ஈடாகாது. மில்லுல பதப்படுத்துன பலகையா வாங்குங்க. மேசைப் பலகையா விக்கிறதுல விரல் கோத்த மாதிரி முனையோட முனை சேர்த்த துண்டுகள் இருக்கும், அதைக் கழுத்துக்குத் தொடவே தொடாதீங்க. நீளத்துக்கும் ஒரே நாரா ஓடுற துண்டு வேணும்.

நியாத்தோ தம்பி எடுத்தது நல்ல தேர்வு. சில கித்தார் கம்பெனிங்க 'நாட்டோ'ன்னு எழுதுறது இதைத்தான். சில வகையில மணல்சத்து இருக்கும், இழைப்புளி அலகு சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி தீட்டணும். மெரந்தி எடுத்தா மரத்தோட நடுப்பகுதியைத் தவிர்த்துடுங்க, அங்கே நார் ஏற்கனவே நொறுங்கிப் போயிருக்கும், பார்த்தா தெரியாது, குறுக்குல மெல்லிய சுருக்கம் மாதிரி இருக்கும். செங்கால் மரம் வேண்டாம், கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல. தோள்ல மாட்டினா கழுத்து கீழே சாஞ்சுடும்.

முக்கியமா, தலையும் தண்டும் ஒரே பலகையில இருந்து வரணும். வேற வேற மரம்னா ஈரத்துக்கு வேற வேற அளவுல உப்பும். ஒரு வருஷத்துல ஒட்டுக்கோடு விரலுக்குத் தட்டுப்படும்.

#12 தைப்பிங்மழை

ஈரத்தைச் சொன்னது நல்லது. காற்றில் ஈரப்பதம் 80 சதவிகிதம் இருந்தால் மரத்துக்குள் ஈரம் 16 சதவிகிதத்தில் போய் நிற்கும், 50 சதவிகிதக் காற்றில் 9. தகரக் கூரைப் பட்டறையில் மழைக்காலத்தில் செய்த கழுத்தை ஏர்கோன் அறையில் தொங்கவிட்டால், மரம் இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே ஓடும். பலகையை அறுப்பதற்கு முன், குச்சி வைத்து அடுக்கி, வீட்டுக்குள்ளேயே மூன்று வாரம் விடுங்கள். சமையல் தராசில் இரண்டு நாளுக்கு ஒருமுறை நிறுத்து எழுதுங்கள். எடை மாறாமல் நின்றால் மரம் தயார்.

இன்னொன்று. பசையிலும் தண்ணீர் இருக்கிறது. ஒட்டிய இடத்தில் மரம் கொஞ்சம் உப்பியிருக்கும்போதே மேல்முகத்தை இழைத்துவிட்டால், நீர் வெளியேறிய பிறகு அந்த இடம் மட்டும் பள்ளமாகும். கிளாம்பை 24 மணி நேரத்தில் கழற்றலாம், ஆனால் மேல்முகத்தை மட்டப்படுத்த நாலைந்து நாள் பொறுங்கள்.

#13 மெட்டும்சுருதியும்

தம்பி கேட்ட ஸ்குரூவுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. போட வேண்டாம். 10 நம்பர் கம்பிக் கட்டு ஆறும் சேர்ந்து இழுப்பது 46 கிலோ அளவு. நன்றாகத் தொட்ட 62 சதுர செ.மீ. பசைக்கு அது பெரிய சுமையே இல்லை. ஸ்குரூ நடுவில் போனால் டிரஸ் ராட் பள்ளம் எடுக்கும்போது ரௌட்டர் பிட் (சுழன்று குடையும் அலகு) அதில் மோதும், ஓரத்தில் போனால் முதுகைச் செதுக்கும்போது வெளியே வரும். ஐந்து நிமிட எப்பாக்ஸியும் வேண்டாம். 60 டிகிரி வாக்கில் அது இளகத் தொடங்கும், வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு வரக்கூடும். வெள்ளைப் பசையும் தொடர்ந்து இழுவை இருக்கும் இடத்தில் மெல்ல நகரும். நீங்கள் போட்ட மஞ்சள் பசையே சரி.

டிரஸ் ராட் பற்றி. முதல் வகையில் பள்ளம் ஒட்டுக்கோட்டைக் கடந்து போகும். இருபக்கமும் திருகும் ராட் பெரும்பாலும் 6 மி.மீ. அகலம், 9 ஆழம் கேட்கும், கையில் இருப்பதை அளந்து பாருங்கள். விரல்பலகையோடு சேர்த்துக் கழுத்து முதல் பிரெட்டில் 21 மி.மீ. என்றால் பள்ளத்துக்கு அடியில் 6 மி.மீ. மரம் மிஞ்சும், போதும். ஆனால் திருகு முனையை உடல் பக்கம் வையுங்கள். தலைப் பக்கம் வைத்தால் சாவி நுழைய 10 மி.மீ.க்கு மேல் அகலமான குழி வேண்டும், அது மிகச் சரியாக நட்டுக்கோட்டில், கழுத்தின் மிக மெல்லிய இடத்தில் வரும்.

பள்ளத்தை மூன்று தடவையாக, ஒவ்வொன்றும் 3 மி.மீ. ஆழமாக எடுங்கள். பசை முழுக்கக் காயாமல் எடுத்தால் பிட்டில் பசை உருகி ஒட்டி, ஓரம் கருகும்.

#14 லயத்துக்கித்தார்

எல்லாருக்கும் நன்றி. அஞ்சு நாள் விட்டுட்டு இழைச்சேன். மேல்முகம் மட்டமாயிடுச்சு, அடிக்கோலுக்கு அடியில வெளிச்சம் இல்ல. தண்டு இப்போ 19.4. தலை முன்முகத்தை வலது பக்கம் இழைச்சதுல நட்டுக்கோடு மூலைமட்டத்துக்கு வந்துடுச்சு, 75 மி.மீ.யில 0.2 கூட இல்ல. தலை கனம் 14.6. ஓரத்தை கழுத்து அகலத்தைவிட 2 மி.மீ. கூட விட்டு அறுத்தேன். புது ஓரத்துல தகடு எங்கேயும் நுழையல.

இன்னும் ரெண்டு கேள்வி. முதுகைச் செதுக்குறது விரல்பலகை ஒட்டுறதுக்கு முன்னாலயா பின்னாலயா? விரல்பலகைக்கு மெர்பாவ் வச்சிருக்கேன், 6 மி.மீ., அதுக்கு ஏதாவது கவனிக்கணுமா?

#15 உளிச்சத்தம்

நன்றாக வந்திருக்கிறது. விரல்பலகை ஒட்டிய பிறகே முதுகு. முன்னால் செதுக்கினால் கிளாம்புக்குத் தட்டையான முகம் இருக்காது, மெலிந்த தண்டு பசை ஈரத்தில் வளையவும் செய்யும்.

செதுக்கும்போது ஒட்டுக்கோடு நட்டுக்கு நேர் பின்னால், நாக்கு வடிவத்தில் வெளியே வரும். அந்த நாக்கின் நுனியில் தண்டின் மரம் காகிதம் அளவுக்கு மெலிந்திருக்கும். அரத்தை உடல் பக்கத்திலிருந்து தலையை நோக்கி மட்டும் தள்ளுங்கள். எதிர்த்துத் தள்ளினால் நாக்கு நுனி தூக்கிக்கொண்டு பிய்யும். கடைசி அரை மி.மீ.யை அரத்தால் எடுக்காமல் சுரண்டும் தகட்டால் எடுங்கள். நாக்கு வடிவம் இரண்டு பக்கமும் சமச்சீராக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனால், முதுகின் வளைவு ஒரு பக்கம் சாய்கிறதா என்பதையும் அதுவே காட்டிக்கொடுக்கும்.

#16 பால்மரம்

மெர்பாவ் நல்லா நிலைச்சு நிக்குற மரம். ஆனா ஈரம் பட்டா பழுப்புச் சாயம் விடும், துளைகள்ல மஞ்சளா தூள் இருக்கும். ஒட்டுற முகத்தை முதல்ல 120 நம்பர் மணல்தாளால புதுசாக்கி, அசிட்டோன் நனைச்ச வெள்ளைத் துணியால துணியில நிறம் வர்றது குறையுற வரைக்கும் துடைங்க. கால் மணி நேரம் காய விட்டு, அன்னிக்கே ஒட்டிடுங்க. வழியுற பசையை ஈரத்துணியால துடைக்காதீங்க, சாயம் கரைஞ்சு நியாத்தோ மேல ஏறிடும். பசை ரப்பர் மாதிரி இறுகினதும் உளியால சீவி எடுங்க.

#17 தைப்பிங்மழை

விரல்பலகைக்கும் இரண்டு குச்சி ஓட்டை மறக்காதீர்கள் தம்பி. அது தட்டை முகம்தான், ஆனாலும் பசையில் நகரும். முதல் பிரெட் பள்ளத்தில் ஒன்று, பன்னிரண்டாவதில் ஒன்று, 1.5 மி.மீ. ஆணி, தலையை வெட்டி எடுத்தது. டிரஸ் ராட் நடுக்கோட்டில் ஓடுகிறது, அதனால் ஆணியை நடுவிலிருந்து 10 மி.மீ. தள்ளி அடியுங்கள். பசை பிடித்ததும் குறடால் பிடுங்கிவிடலாம், அந்த ஓட்டையின் மேல் பிரெட் கம்பி வந்து உட்கார்ந்துவிடும்.

#18 லயத்துக்கித்தார்

சரி அண்ணே. ராட் பள்ளம் நாளைக்கு எடுக்குறேன், திருகு முனை உடல் பக்கம். விரல்பலகை சனிக்கிழமை.